கைப்பிரேக்கை இழுத்த ஞாபகம்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம்தானே? இங்கே நாங்கள் மூவரும் சுகம். எனக்கு மட்டும் கழுத்து வலி. நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் குனிந்து குனிந்து ஊரார் மூக்கில் ஃப்ரேமை உட்காரவைத்தால் கழுத்து என்ன செய்யும், பாவம்.

போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ 'ம்', 'சரி' இந்த இரண்டைத் தாண்டி மூன்றாவது வார்த்தை பேசியதில்லை. எழுதினால்தான் உன்னிடமிருந்து நாலு வரி தேறும். தபால் பிரிக்கிற ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்குக் கடிதம் போடாமல் வேறு யாருக்குப் போடுவது?

வண்டி நன்றாக ஓடுகிறது. நீ கொடுத்து நாலு மாதம் ஆகிவிட்டது, உன் அத்தான் இன்னும் அதைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை. பகலெல்லாம் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிவிட்டு வருகிற மனுஷன், வந்ததும் வராததுமாகத் துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விடுகிறார். "இருபத்தாறு வருஷமா ஊரான் வண்டியை ஓட்டினேன். இது என் வண்டி" என்கிறார். எங்கள் வாலு மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்ட திமிரில் அதற்கு ஆமை என்று பெயர் வைத்திருக்கிறாள். பழைய வண்டிதானே, ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாமா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறதா? அதுவும் உன் தம்பி குடுத்ததை?" என்றார். 'வேலை வீட்டுப் பக்கத்துலேயே மாத்தியாச்சு, எனக்கு எதுக்கு கார், அக்கா வச்சுக்கட்டும்' என்று நீ சாவியை எடுத்து நீட்டியதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். உனக்கு இங்கே பெரிய பெயர், போ.

பெயர் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. வண்டி இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றுகிற தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மூன்றாவது தடவை கேட்கிறேன். வண்டி சம்பந்தமாக அங்கே ஏதாவது தபால் வந்திருந்தாலும் சேர்த்தே அனுப்பிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஆபீஸில் வேலை முதுகை முறிக்கிறது. பெயர் மாற்றும் தாளை எங்கேயோ வைத்துவிட்டேன். தேடி அனுப்புகிறேன்.

ஒரு விஷயம். உங்கள் தெரு நல்ல சரிவு. வண்டியை நிறுத்தும்போது கியரிலேயே போட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துவிடச் சொல். பழைய வண்டி இல்லையா, சும்மா முன்ஜாக்கிரதைக்குத்தான். கைப்பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று எழுது. அவசரம் இல்லை.

வாலுவுக்கு ஆமை படம் போட்ட தபால்தலை ஒன்று கிடைத்தது. உள்ளே இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

*

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வாலுவைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தார். வழக்கம்போல வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே வந்தார்கள். நான் டம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் வாசலில் வண்டி இல்லை. தானாக உருண்டு தெருச் சரிவில் இறங்கி, நாலு வீடு தள்ளி எதிர்வரிசையில் இருக்கிற டீச்சர் வீட்டுக் கேட்டில் போய் முட்டி நிற்கிறது. கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த டீச்சர் அதற்கு அடியில்.

தொடை எலும்பு உடைந்துவிட்டது. கம்பி வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை. அறுபத்தெட்டு வயசு, தனிக்கட்டை. இனிப் பழையபடி நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் கையை விரிக்கிறார்.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றைத்தான் சொன்னார்கள். கைப்பிரேக் பிடி கீழே கிடந்தது. "டிரைவர் சார் பிரேக் போட மறந்துட்டார்." அவர் ஒரே ஒரு தடவை "நான் போட்டேனே" என்றார். அந்தப் பிடியைத் தானும் பார்த்தார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. வாலு நடுவில் புகுந்து, "அப்பா இழுத்தாங்க, டக் டக் டக்னு மூணு சத்தம் கேட்டுச்சு" என்று கத்தினாள். அத்தனை பேர் முன்னால் அப்பாவுக்காகப் பொய் சொல்கிறாளே என்று ஓர் அறை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசானா எல்லாருக்கும் மறதி வரும். நான் மன்னிச்சுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். போலீஸிடமும் புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவர் தலையைக் குனிந்து நின்றார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நீ கல் வைக்கச் சொல்லி எழுதியதை அன்றைக்கே படித்துக் காட்டினேன். "மலைப்பாதையில பஸ்ஸை நிறுத்துறவன், எனக்கா கல்லு?" என்று சிரித்தார். கேட்டிருக்கலாம். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற உனக்கு இருக்கிற கவனம் இவருக்கு இல்லாமல் போய்விட்டதே.

பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. ஆபீஸில் ஆள் குறைவு. அனைவரும் நலமா? டீச்சர் எப்படி இருக்கிறார்?

நடந்தது நடந்துவிட்டது. அத்தானை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நீயும் சொல்லாதே. வாலுவையும் அடிக்காதே.

டீச்சருக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். என் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

தம்பி

*

மே 6

அன்புத் தம்பிக்கு அக்கா.

ஆறு வாரம் உன் கையெழுத்தைப் பார்க்காமல் உனக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். சுகம்தானே? என் கழுத்து அப்படியேதான். இப்போது அதை யார் நினைக்கிறார்கள்?

சால்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ வேண்டாம் என்றாலும் உன் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தேன். "முன்னப் பின்ன தெரியாத எனக்கா?" என்று டீச்சர் தோளில் போர்த்திக்கொண்டார். வண்டியை எடுக்காதே என்று நீ சொல்ல வேண்டியதே இல்லை. இவர் அதன் பக்கத்திலேயே போவதில்லை.

பஸ் சாவியையும் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை. இவராகப் போய் மேசையில் வைத்துவிட்டார். மேனேஜர், ஒரு தடவை தவறினதுக்கு இப்படியா, இருங்கள் என்றாராம். "நாப்பத்திரண்டு பிள்ளைங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இப்போது அதே ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை. அவர் ஓட்டின பஸ்ஸை வேறொருவர் எடுத்துப் போவதைத் தினமும் கேட்டருகில் நின்று பார்க்கிறார்.

என் மாமனாரின் கடைசிக் காலம் உனக்குத் தெரியும். சட்டையைப் போட்டுக்கொண்டே சட்டையைத் தேடுவார். பெற்ற பிள்ளையைப் பார்த்து, நீங்க யார் வீடு என்று கேட்பார். அது தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று இவர் முடிவு கட்டிவிட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. 'கேஸ் மூடினேன் 7.10. கதவு பூட்டினேன் 7.25.' எழுதி வைத்துவிட்டும் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார்.

நான் மட்டும் யோக்கியமா? அவர் மூடின கேஸை நான் போய் மறுபடி மூடிப் பார்க்கிறேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் செய்கிறேன்.

பெயர் மாற்றும் தாள் என்ன ஆயிற்று?

அக்கா

*

மே 15

அன்புள்ள அக்கா,

நலமா? நாங்கள் இருக்கிறோம்.

அத்தானுக்கு மறதி என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். மனிதன்தான் தவற வேண்டும் என்று இல்லை, இரும்பும் தவறும். நல்ல மெக்கானிக் ஒருவரிடம் அந்தக் கைப்பிரேக்கைக் காட்டுங்கள். பிடியைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம்.

தாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

*

ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமா? டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறார். தினமும் நான் போய்க் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன்.

நீ சொன்னபடி முனைக் கடை மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பத்துத் தடவை இழுத்துப் பார்த்தார். பத்துத் தடவையும் பிடித்தது. நாலு பேரை வைத்துத் தள்ளச் சொன்னார், அசையவில்லை. உள்ளே கழற்றிப் பாருங்கள் என்றேன். நன்றாக இருப்பதை எதற்குக் கழற்றுவது என்று அவர் கேட்கும்போதே இவர் உள்ளேயிருந்து வந்தார். "வேண்டாம், விடுங்க. வண்டி மேல பழியைப் போட்டு நான் தப்பிக்க மாட்டேன். அது என் மச்சினன் ஆசையா குடுத்தது" என்று அவரை அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு என்னிடம் கொஞ்சம் பேசினார். இந்த மூன்று மாதத்தில் அவர் அவ்வளவு பேசியது அதுதான். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரேக்கை இழுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. பிடி கையில குளிர்ச்சியா இருந்துச்சு. மூணு சத்தம் கேட்டுச்சு. வாலு பையை எடுன்னு சொன்னேன், இறங்கினேன். அத்தனையும் இருக்கு. அந்த ஞாபகமே பொய்னா, நான் வேற எதை நம்புறது?"

நான் சொல்ல வேண்டியது 'நான் உங்களை நம்புகிறேன்' என்பதுதான். அது வாயில் வரவில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்றேன். சரி என்றார். பதினெட்டாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் ஞாபகப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறோம். கடிகாரம் வரையச் சொல்வார்களாம், இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்களாம். வாலுவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி எண்ணிப் பார்க்கிறார். அவள் தப்பு வந்தாலும் சரி என்று சொல்கிறாள்.

நீ ஒரு தடவை வந்து போயேன். உன்னிடம் பேசினால் தேறுவார்.

அக்கா

*

ஜூன் 9

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

அத்தான் மறக்கவில்லை. பிரேக்கை இழுத்தார். அதுவாக விட்டுவிட்டது.

இதனுடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். இரண்டும் வண்டிக் கம்பெனியிலிருந்து என் பெயருக்கு வந்தவை. கைப்பிரேக் பிடிக்கு அடியில் பல் வெட்டிய ஒரு தகடும், அதில் மாட்டி நிற்கிற சின்ன நாக்கும் இருக்கின்றன. அந்த வருஷத்து வண்டிகளில் நாக்கின் முனை சீக்கிரம் மழுங்கிவிடுகிறதாம். இழுத்தால் பிடிக்கும். எப்போதாவது ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழித்து, நழுவிப் பிடி கீழே விழுந்துவிடும். வண்டிகளைத் திருப்பி அழைத்து இலவசமாக மாற்றித் தருகிறார்கள். அதுவரை சரிவில் நிறுத்தினால் கியரில் போடுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள் என்று போட்டிருக்கிறது. நான் எழுதிய கல் அங்கிருந்து வந்தது.

முதல் தாளின் தேதியைப் பார். நான் உனக்கு வண்டி தருவதற்கு இரண்டு மாதம் முன்னால். அப்போதே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பாகம் வரவில்லை, வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டி எனக்கு ஒரு தொல்லையாகத் தெரிந்தது. அந்தத் தொல்லையைத்தான் உனக்குத் தானமாகக் கொடுத்தேன். அத்தான் என் தோளில் தட்டி, ஏதாவது குறை இருக்கா மாப்ளே என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தேன்.

இரண்டாவது தாள் ஜனவரியில் வந்தது. என் மேசைக்கே, நான் பிரிக்கிற கட்டிலேயே வந்தது. ஊரார் தபாலை ஒன்று மாறாமல் உரிய வீட்டுக்கு அனுப்புகிறவன், இதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உனக்கு அனுப்பினால் முதல் தாளைப் பற்றியும் நீ கேட்பாய். பெயர் மாற்றப் போனால் இந்த வேலை பாக்கி இருப்பது அங்கே தெரிந்துவிடும். அதனால்தான் தாள் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று எழுதினேன். அது என் இழுப்பறையில்தான் இருக்கிறது.

விபத்துக்குப் பிறகும் மூன்று மாதம். நான்தான் கல் வைக்கச் சொன்னேனே, அவர் கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ வேறு என் கவனத்தைப் புகழ்ந்து எழுதினாய். அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

போன வாரம் என் வீட்டுக்காரி இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது தாள்களைப் பார்த்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று நாள் அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டேன். நாலாவது நாள் உன் கடிதம் வந்தது.

நேற்றுப் போன் செய்தேன். அத்தான் எடுத்து, "சொல்லு மாப்ளே" என்றார். வைத்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதிக்குள் அவரிடம் இதைக் காட்டிவிடு. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தம்பி

*

ஜூலை 1

அக்கா,

நீ கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை எனக்குத் திரும்பி வந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி கடிதம் உன் கையில் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

திட்டியாவது எழுது. அத்தான் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி போதும்.

தம்பி

*

ஜூலை 9

தம்பி அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு நலம்.

நீ என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் நீங்கள் என்றே எழுதுகிறேன்.

போன மாதம் பதினேழாம் தேதி காலையில் உங்கள் அக்கா கடிதத்தைக் கொடுத்தாள். ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் காலில் ஷூவோடு உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் சிரிப்புத்தான் வந்தது. நிறுத்த முடியவில்லை. உள்ளேயிருந்து வாலு பயந்துபோய் ஓடிவந்தாள். இழுத்தேன், நான் இழுத்தேன் என்று அவளிடம் சொன்னேன். "அதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு என்ன வந்தது என்று இங்கே எழுத விரும்பவில்லை. மூன்று மாதம் என் கையை நானே சந்தேகப்பட்டேன். அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசோதனைக்குப் போகவில்லை. வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். உங்கள் தாளைக் காட்டியதும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். பாகம் ஜனவரியிலிருந்தே அலமாரியில் இருக்கிறதாம். மெக்கானிக் பெண் ஒருத்தி பிடியைக் கழற்றி அந்த நாக்கை என் உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிறது. முனை மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி. புதிதை மாட்ட நாற்பது நிமிஷம் ஆயிற்று. எனக்குக் கொடுத்த டீயை நான் குடித்து முடிக்கவில்லை, சாவியை நீட்டிவிட்டார்கள்.

இன்னும் எத்தனை பேர் வர வேண்டும் என்று கேட்டேன். பாதிக்குமேல் வரவில்லை என்றாள். எல்லோருக்கும் கடிதம் போயிருக்கிறதாம்.

நீங்கள் ஒரு தடவை இங்கே வர வேண்டும். என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். டீச்சரிடம் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறான் என்றுதான் ஆகும். நீங்கள் சொன்னால்தான் அவர் நம்புவார். தெருவும் நம்பும்.

எந்த ரயில் என்று எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். வழியில் பேச்சு வேண்டாம்.

இப்படிக்கு,
பஸ் டிரைவர்

*

ஆகஸ்ட் 17

தம்பிக்கு அக்கா எழுதுவது.

ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று உன் வீட்டுக்காரி போன் செய்தாள். சுகம் என்றாள். சரி.

உன்னிடம் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதோடு வேறொன்றும் இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. உன் கடிதம் ஜூன் பதின்மூன்றாம் தேதி வந்தது. அவரிடம் பதினேழாம் தேதிதான் கொடுத்தேன். நாலு நாள் கண்ணாடிக் கடையில், லென்ஸ் வைக்கிற டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அவர் கண் முன்னால் உட்கார்ந்து இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார். இதைக் கொடுத்தால் என் தம்பி என்ன ஆவான் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசி நாள்வரை யோசித்தேன். நமக்கு ஒரே ரத்தம்தான், சந்தேகமே இல்லை. அவரிடம் இதைச் சொல்லிவிட்டேன். வாலுவிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த அறைக்கு என்று கேட்டாள்.

நீ வந்த அன்றைக்கு டீச்சர் வீட்டில் நடந்தது நடந்தபடி என் காதிலேயே நிற்கிறது. நீ எல்லாவற்றையும் சொல்லி முடித்தாய். நடுவில் எங்கேயும் உன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதை நான் கவனித்தேன். டீச்சர் அந்தச் சால்வையை மடியில் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே கேட்டார். உன்னைத் திட்டுவார் என்று நாங்கள் நினைத்தோம்.

"கால் போனது போகட்டும். இத்தனை மாசம் அவரை நான் மன்னிச்சுக்கிட்டே இருந்தேனே. பார்க்கும்போதெல்லாம் மன்னிச்சேன். அவரும் தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டே இருந்தார். அதை இப்போ எப்படித் திருப்பி வாங்குறது?"

நீ அப்படியே எழுந்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தே போய்விட்டாய்.

நீ போன இரண்டாம் நாள் சாயங்காலம், ஸ்டாண்டைத் தரையில் ஊன்றி ஊன்றி டீச்சர் மேட்டில் ஏறி வந்தார். நாலு வீட்டுத் தூரத்துக்குக் கால் மணி நேரம். தெருவே வாசலில் நின்று பார்த்தது. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். எங்கள் வாசலுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வகுப்பில் பேசுகிற குரலில், "டிரைவர் சார், உங்க மேல தப்பில்ல. நான் மன்னிச்சதுதான் தப்பு. நீங்க என்னை மன்னிக்கணும்" என்றார்.

இவர் பதறிப்போய் உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்து போட்டார். "முதல்ல உட்காருங்க டீச்சர், கால் வலிக்கப்போகுது" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல வந்தது. இரண்டு பேரும் அப்படியே விளக்கு வைக்கிற நேரம்வரை உட்கார்ந்திருந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள்.

போன திங்கள்கிழமை பஸ் சாவியை வாங்கிக்கொண்டார். மேனேஜர் மாலையே போட்டிருப்பார், இவர்தான் விடவில்லை. ஆனால் இன்னும் பழைய ஆளாகவில்லை. பஸ்ஸை நிறுத்தி இறங்கினவர் மறுபடி ஏறிப் பிரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குகிறாராம். பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். சட்டைப் பையில் நோட்டு இன்னும் இருக்கிறது. வண்டிக்கு நாற்பது நிமிஷம் போதுமாக இருந்தது. இவருக்கு எத்தனை நாள் ஆகும் என்று யார் சொல்வது? நான் கேஸைத் திரும்பப் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கை பரபரக்கிறது, அடக்கிக்கொள்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். டீச்சர் பேசியதைக் கேட்ட பிறகு அந்த வார்த்தையைத் தூக்கி யாருக்கும் கொடுக்கப் பயமாக இருக்கிறது. கொஞ்ச நாள் போகட்டும். நீ எழுதிக்கொண்டிரு.

மாப்பிள்ளை என்று இவர் இன்னும் சொல்வதில்லை. 'உன் தம்பி' என்கிறார். நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, அன்றைக்கு உன் தம்பி சாப்பிட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

அக்கா